மஞ்சள் நைட்டி நனைந்த மதியம்

மராட்டி பேசும் ஊரான சாங்வியில் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது 2004இல். கணவருக்கு ஊரின் மறுகோடியில், மகர்பட்டாவில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பதின்மூன்று வயது மகளுக்கு இந்தியும் மராட்டியும் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்தான் தடுக்கித் தடுக்கி வரும். அதில் எனக்குத் தீராத எரிச்சல்.

ஒருநாள் அவள் கம்ப்யூட்டரில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண்ணோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தாள். தமிழர்கள் கூடுகிற அரட்டை அறையாம். அந்தப் பெண்ணும் எட்டாவதுதானாம். இங்கிலீஷ் எழுத்தில் எல்லாம் தமிழ். "ஏனுங்", "சாப்டாச்சுங்களா" என்று அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. எனக்கு வாயெல்லாம் பல். "நல்லாப் பேசு கண்ணு, அப்படியாச்சும் உனக்குத் தமிழ் வரட்டும்" என்று நானும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

மகளுக்குப் புரியாத வரிகளுக்கு நான் அர்த்தம் சொன்னேன். பதிலையும் நானே சொல்லிக் கொடுத்தேன். எத்தனையாவது மாடி, அப்பா எப்போது வருவார், அம்மா கடைக்குப் போனால் துணைக்கு யார். சின்னப் பெண் கேட்கிற கேள்விதானே என்று நினைத்தேன். படம் கேட்டபோது, கேட் பக்கத்தில் கட்டடத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே பட்டுப்பாவாடையோடு நின்று எடுத்ததை அனுப்பச் சொன்னதும் நான்தான். பெருமை, வேறென்ன.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம். நான் சமையலறையில் இருந்தேன். மகள் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

திரையில் ஒரு வரி இருந்தது. "மழை வருது. பால்கனியில மஞ்சள் நைட்டி காயுது, அம்மாவ எடுக்கச் சொல்லு."

பழக்க தோஷம், ஓடிப்போய்த் துணியை உருவினேன். நைட்டியைக் கையில் பிடித்தபோதுதான் உறைத்தது. கோயம்புத்தூரில் இருப்பவளுக்கு இது எப்படித் தெரியும்? எதிரே புதிதாகக் கட்டிய நாலு மாடி. பாதி வீடுகளில் இன்னும் குடி வரவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். யாரும் தெரியவில்லை.

உள்ளே வந்தால் இன்னொரு வரி வந்திருந்தது. "ஆன்ட்டி நனஞ்சிட்டாங்களே."

கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினேன்.

மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நீ கிச்சன் போனா அவ வேற மாதிரி கேப்பா. கேமரா வாங்கு, ரூம் லாக் பண்ணுன்னு. நான் எதுவும் அனுப்பல மா."

"ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லல?"

"உனக்குத்தான் அவளை ரொம்பப் பிடிச்சுதே."

அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை.

மறுநாள் நானும் கணவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. டீ வரவழைத்தார், பொறுமையாகக் கேட்டார். வீட்டுக்கு வந்தானா? மிரட்டினானா? படம் எதையாவது வெளியிட்டானா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். பேனாவை மூடிவைத்துவிட்டார். "ஆபாசமாக எதையாவது வெளியிட்டால் பிரிவு இருக்கிறது மேடம். பேசிப் பழகுவதற்கு எந்தப் பிரிவில் வழக்கு எழுதுவது? துணியை எடுக்கச் சொன்னது குற்றமா?" என்று இந்தியில் கேட்டார். எழுந்து வந்துவிட்டோம்.

அந்த மாதமே வீடு மாறினோம். அவன் யார், எந்த ஜன்னல், ஒருவன்தானா, எதுவும் தெரியவில்லை. தமிழ்க்காரர்களின் பொங்கல் விழாவுக்குப் போவதையும் நிறுத்தினேன்.

ஐந்து வருஷம் கழித்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். இணையத்தில் ஆசை காட்டிப் பழகிக் குழந்தையை அந்த வழிக்கு இழுப்பதே குற்றம் என்று வந்தது. செய்தியை வெட்டிப் பீரோவில் வைத்தேன். இனிமேல் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அடுத்த பொங்கலுக்கு மகளையும் அழைத்துக்கொண்டு விழாவுக்குப் போனேன். அவள் அப்போது கல்லூரியில் இருந்தாள்.

பந்தியில் சாம்பார் வாளியோடு போனேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், முன்பின் பார்த்திராத முகம், இலையிலிருந்து நிமிர்ந்து சிரித்தார்.

"ஏனுங், நம்மூருங்களா? உங்க பொண்ணு எங்கீங்க படிக்குது?"

பாவம், நல்ல மனிதராகத்தான் இருப்பார். மகள் எனக்குப் பின்னால் அப்பளக் கூடையோடு நின்றிருந்தாள்.

எனக்குப் பெண்ணே இல்லை என்றேன், இந்தியில்.