மாத்திரைக்கு ஒரு கட்டன்

மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவரின் வாசனையும் சுக்கு மூட்டைகளின் காரமும் சேர்ந்து மூக்கில் ஏறுகிற மட்டாஞ்சேரிச் சந்து ஒன்றில்தான் எங்கள் வாடகை வீடு இருந்தது. அந்தச் சுவரைத்தான், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் அக்கா செல்வி, யாரும் பார்க்காத நேரத்தில் நகத்தால் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அப்போது பதினொரு வயது. “போடி கோள்மூட்டி!” என்று அவள் கத்தக் கத்த, ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ‘பாண்டிகசாலை’ என்று ஊரார் சொல்லும் கிடங்கில் சுக்கு புடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அம்மா சிரித்தாள். “அது மசக்கைடி. நீ வயித்துல இருக்கும்போது நான் சாம்பல் தின்னேன்.”

எங்கள் வீட்டில் மீன் வாங்காத நாள் குறைவு. ஆனால் துண்டுகள் எல்லாம் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு, எங்களுக்கு ‘கப்பை’ என்கிற வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் அதன்மேல் ஊற்றிய குழம்பும். அதற்குப் பிறகும் பசித்தால் ஒரு ‘கட்டன்’, அதாவது பால் இல்லாத தேநீர், குடித்துவிட்டு வயிறு நிறைந்ததாக நம்பிக்கொள்வோம். பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதே தட்டுதான்.

வீடுவீடாக வரும் நர்ஸ் சேச்சிதான் அக்காவின் கீழிமையை இழுத்துப் பார்த்துப் பதறினாள். உள்ளே வெள்ளைத் துணிபோல வெளுத்திருந்தது. “ஐயோ மோளே, ரத்தமே இல்லல்லோ! இப்படியே போனா பிரசவம் தாங்காது.” சுவரைத் தின்னத் தோன்றுவதும் ரத்தசோகையால்தான் என்று அவள் சொன்னபோது அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. இரும்புச்சத்து மாத்திரைகளை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மாத்திரை அக்காவின் குடலைப் புரட்டியது. அவளை எப்படியாவது பிழைக்கவைக்க வேண்டுமே என்று, தினமும் அவள் சாப்பிட்டு முடித்ததும் சுக்கைத் தட்டிப்போட்டு, சாயம் நன்றாக இறங்கும்படி கொதிக்கவிட்டு, ஒரு கட்டனை நானே ஆற்றி நீட்டுவேன். “நீ போட்டாத்தான்டி மாத்திரை உள்ள இறங்குது” என்பாள். ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை. எனக்கு என்ன பெருமை!

பெண் குழந்தை பிறந்தது. அக்கா பிழைக்கவில்லை. பிரசவத்தில் ரத்தம் போவது எல்லோருக்கும்தான், இவள் உடம்பில் அதைத் தாங்க ரத்தம் இல்லை என்றார் டாக்டர். “அத்தனை மாத்திரையும் எங்கே போச்சு?” என்று அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்டாள்.

அந்தக் குழந்தை மலரை நாங்களே வளர்த்தோம். போன மாதம், முழுகாமல் இருக்கும் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். அதே மாத்திரையை நீட்டிய இளம் நர்ஸ் சாதாரணமாகச் சொன்னாள்: “இதுகூட சாயா, கட்டன் எதுவும் குடிக்கக் கூடாது, கேட்டோ. சத்து ரத்தத்துல சேராது. எலுமிச்சை ஜூஸ் நல்லது.”

அட கடவுளே! வேளை தவறாமல், ஆற்றி ஆற்றி, என் கையாலேயே!

வெளியே வந்து பழைய சந்து வழியாக நடந்தோம். எங்கள் சந்து இப்போது அடையாளம் தெரியவில்லை. கிடங்கு வெளிநாட்டுப் பயணிகள் உட்காரும் காப்பிக்கடையாகிவிட்டது, சுவரெல்லாம் பெயின்ட், சுக்கு வாசனையே இல்லை. அதைக் கடக்கும்போது மலர் கேட்டாள்: “எங்க அம்மா கட்டனோடதானே மாத்திரை போட்டாங்க, யாரும் இதச் சொல்லலையா, சித்தி?”

“அப்ப எங்க யாருக்கும் தெரியாதும்மா” என்றேன். அது உண்மைதான். கட்டன் போட்டுக் கொடுத்தது யார் என்று அவள் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.