ஒரு பக்கம் மட்டும் கேட்ட அழைப்பு

அப்பாவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று மதுரையில் டாக்டர் சொன்னார். செவ்வாய்க்கிழமை வந்து படுக்க வேண்டும், வியாழக்கிழமை ஆபரேஷன், அதற்குப் பிறகு பேச்சு வராது. எங்களைத் தனியே அழைத்துச் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. கோவில்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில், சாத்தூர் தாண்டும்வரை அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பெரியவனுக்குத் தெரியக் கூடாது, ஏட்டி. தொண்டையில சின்ன ஆபரேஷன்னு மட்டும் சொல்லு."

பெரியவன் என் அண்ணன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தான். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நல்லதை மட்டும் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். மழை பெய்தால் சொல்வோம், பொய்த்தால் சொல்ல மாட்டோம். கெட்டதைக் கேட்டால் அங்கே அவனுக்குச் சோறு இறங்காது என்பார்கள். அன்பால் செய்கிற காரியம்தான். ஆனாலும் எனக்கு அந்த வழக்கத்தின் மீது தீராத கோபம். சித்தப்பா இறந்த செய்தியே அண்ணனுக்குப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகுதான் போனது.

அப்பா கமிஷன் கடையில் மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். கயத்தாறிலிருந்தும் குளத்தூரிலிருந்தும் உளுந்தும் பாசியும் வத்தலும் வந்து இறங்கும். தராசில் ஏறும் ஒவ்வொரு மூட்டைக்கும் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூட்டை கொண்டுவந்துவிட்டுக் கடைவாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும் சம்சாரிக்கும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் வந்துவிடும். முப்பது வருஷம் அப்படிச் சொன்ன குரல். ஆறேழு மாதமாகக் கரகரத்து, பாதிச் சொல் காற்றாகவே போய்க்கொண்டிருந்தது. வத்தல் நெடிதான் காரணம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அண்ணனுக்கு உண்மையைச் சொல்லக் கூடாது, ஆனால் குரல் இருக்கும்போதே அவனோடு பேசிவிட வேண்டும். அப்பா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. போன் இருக்கும் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார், அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. போனில் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. தகவல் சொன்னோம், அவ்வளவுதான். நல்லாருக்கியா, சாப்ட்டியா, வச்சிரட்டுமா. அதற்குள் அம்மா பக்கத்தில் நின்று, "போதும், பிள்ளைக்குக் காசு ஏறுது" என்பாள். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு கடைசிப் பேச்சு எங்கே பேசுவது?

அப்பா நிதானமாகப் பேச ஆசைப்படுகிறார் என்று மட்டும் எழுதினேன். அண்ணன்தான் பதில் மெயிலில் வழி சொன்னான். அறையில் கூட இருக்கும் பையனிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, இன்டர்நெட் வழியாகப் பேசும் மென்பொருள் ஒன்று வந்திருக்கிறது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தயாராக இரு என்று எழுதியிருந்தான். அப்பாவுக்குத் தொண்டையில் ஏதோ சின்னக் கட்டி என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அதில்தான் சிக்கல். என் கம்ப்யூட்டரில் ஓடியது எல்லாரும் வைத்திருக்கும் விண்டோஸ் அல்ல, லினக்ஸ். நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். லினக்ஸோ, பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து, யாரும் சொல்லித்தராமல், நானே ஏற்றியது. அந்தப் பெருமையில் ஒரு வருஷம் தலைகால் தெரியாமல் அலைந்தேன். "எல்லாரும் வச்சிருக்கதை வச்சாப் போதாதா, உனக்கு மட்டும் என்ன தனி?" என்று சென்டர் அண்ணாச்சி கேலி செய்வார். அவரிடம் விட்டுக்கொடுப்பேனா? இதிலும் எல்லாம் முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் அதுவரை அதில் ஒரு பாட்டுக்கூட ஒழுங்காகக் கேட்டதில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் மோடம் முன்னால் கிடந்தேன். மென்பொருளை இறக்கினால், அது ஓடத் தேவையான லைப்ரரி என்ற கோப்பு ஒன்று இல்லை என்றது. அதை இறக்கினால், அதற்கு இன்னொன்று வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டார் சீர் கேட்கிற மாதிரி, ஒன்றைக் கொடுக்கக் கொடுக்க அடுத்தது கிளம்பியது. மோடம் ஓடும்போது வீட்டுப் போன் எங்கேஜ்டாகவே இருக்கும். துக்கம் விசாரிக்கிற குரலில் பேசும் சொந்தக்காரர்கள் யாரும் இரண்டு நாள் எங்களைப் பிடிக்க முடியவில்லை. அதுவும் ஒரு நன்மைதான்.

சனிக்கிழமை சாயங்காலம் மென்பொருள் திறந்தது. ஆனால் மைக் வேலை செய்யவில்லை. கறுப்புத் திரையில் ஒலி அளவுகளைக் காட்டும் பலகையைத் திறந்து பார்த்தால், மைக்குக்கான கட்டம் ஊமையாக்கப்பட்டிருந்தது. லினக்ஸில் அப்போது அப்படித்தான். நாமாகத் திறந்துவிடும்வரை மைக் வாய்மூடிக் கிடக்கும். ஒரே ஒரு எழுத்தை அழுத்த வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மணி நேரம்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அப்பா சட்டை மாற்றி, தலை சீவி வந்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டினால் அம்மாவுக்குக் கேட்காது என்பதால் அண்ணனின் குரலுக்கு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, அப்பாவின் கையில் மைக்கை மட்டும் கொடுத்தேன். சோதனைக்கு ஏதாவது பேசச் சொன்னேன்.

"என்னத்தப் பேச?"

"எண்ணுங்கப்பா. ஒண்ணு, ரெண்டுன்னு."

அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டார். "லாபம்… ரெண்டு… மூணு… நாலு…" எடை போடுகிறவர்கள் முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அவருக்கு வேறு மாதிரி எண்ணத் தெரியாது. ஏழில் குரல் உடைந்தது. செருமிக்கொண்டு பத்துவரை போனார். பதிவானதைப் போட்டுக் காட்டினேன். "இவ்வளவு கெட்டுப் போச்சா?" என்று மட்டும் கேட்டார். அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாள். பாதியில் பத்து மணியாகிவிட்டது. பதிவை அப்படியே நிறுத்தி, அந்த ஜன்னலைச் சுருக்கிவைத்துவிட்டு அண்ணனை அழைத்தேன்.

மணியடித்தது மாதிரி திரையில் காட்டியது. ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. இணைப்பு கிடைத்துவிட்டது என்று எழுத்து வந்தது. அப்போதும் சத்தம் இல்லை.

"ஏலே, கேக்குதா? ஏலே பெரியவனே?"

பதில் இல்லை. அப்பா நாலைந்து தடவை கூப்பிட்டார். நான் கறுப்புத் திரையைத் திறந்து ஒவ்வொரு கட்டளையாக அடிக்கத் தொடங்கினேன். சவுண்டு கார்டு என்கிற ஒலி அட்டை வேறொரு மென்பொருளின் பிடியில் இருக்கிறது என்று திரும்பத் திரும்ப ஒரே பதில். "கொஞ்சம் பொறுங்கப்பா, நம்ம குரல் போகலை போல" என்றேன். கோபத்தில் என் காது அடைத்திருந்தது. பின்னால் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தது அரைகுறையாகத்தான் விழுந்தது.

"விடு. அவனுக்கு அதிர்ஷ்டம் இல்ல" என்றார் அப்பா.

"இப்பவாவது சொல்லிருவோமே. குரல எடுத்துருவாகன்னு தெரியாமயே இருந்துட்டு, பின்னால வந்து நம்மள ஏசுவான்."

"சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வருவான். வேண்டாம்." அப்பா செருமிக்கொண்டார். "ஆனா எனக்கு அவனப் பாக்கணும் போல இருக்கு. இனிமே போன் பண்ணுனா, நான் இருக்கனா செத்தனான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா அழத் தொடங்கினாள். மைக் அப்பாவின் மடியில் கிடந்தது.

யார் ஒலி அட்டையைப் பிடித்திருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் கண்டேன். நான் சுருக்கிவைத்த பதிவுதான். ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் அந்த அட்டையில் சத்தம் எழுப்ப முடியும். பாதியில் நின்ற அப்பாவின் எண்ணிக்கை, அண்ணனின் குரலுக்கு வழிவிடாமல் உட்கார்ந்திருந்தது. ஆனால் மைக்குக்கு அது தடையில்லை. மைக் முதலிலிருந்தே திறந்துதான் இருந்தது.

கறுப்புத் திரையை விலக்கினேன். அடியில் அண்ணனின் எழுத்துச் செய்திகள், ஆங்கில எழுத்தில் தமிழ். "அப்பா பேசுறது நல்லா கேக்குது." "நான் பேசுறது உங்களுக்குக் கேக்கலையா?" "தங்கச்சி, இங்க பாரு." அதற்கும் கீழே, சற்று இடைவெளி விட்டு, "என்ன குரல எடுக்காங்க?" அதன் பிறகு ஒன்றும் இல்லை.

அந்தப் பதிவை மூடினேன். இணைப்பை அறுத்து மறுபடியும் அழைத்தேன். ஸ்பீக்கர் ஒருமுறை கரகரத்தது. இரண்டு நாள் பட்ட பாட்டுக்கெல்லாம் பலனாக, என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் கடல் தாண்டி முதன்முதலாக வந்த குரல், முப்பது வயது தாண்டிய ஓர் ஆண் வாய்விட்டு அழுகிற சத்தம்.

அப்பா என்னைப் பார்த்தார். "அவனுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா."

"எல்லாமா?"

"எல்லாம்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்த மைக்கை எடுத்து, வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "ஏலே, அழாத. நான் பேசுதேன், நீ கேளு" என்றார். அம்மா என் தோளைத் தொட்டாள். இருவரும் அடுப்படிக்குப் போய்விட்டோம். முக்கால் மணி நேரம், இணைப்பு தானாக அறுந்துபோகும்வரை, அந்த உடைந்த குரல் சொல் பிரியாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் என்ன பேசினார் என்று நான் இன்றுவரை அண்ணனிடம் கேட்டதில்லை.

ஞாயிறு காலையில் அப்பா எண்ணிய அந்தப் பதிவை எடுத்து வைக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை மதுரைக்குக் கிளம்பும் முன்தான் தோன்றியது. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் காணவில்லை. சோதனைதானே என்று தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தில் போட்டிருந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்தபோது லினக்ஸ் அதைச் சுத்தமாகத் துடைத்திருந்தது. நான் பாடம் நடத்துகிற விஷயம் அது. பிள்ளைகளிடம் எத்தனை தடவை எச்சரித்திருக்கிறேன்! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணனால் ஆபரேஷனுக்கு வர முடியவில்லை. லீவு கேட்டான், கிடைக்கவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, அண்ணன் அதே நேரத்துக்கு அழைத்தான். அப்பா வர மறுத்தார்; கையை விரித்துக் காட்டினார். நான்தான் இழுத்துக்கொண்டுவந்து உட்காரவைத்து, சென்டரிலிருந்து கொண்டுவந்த ஹெட்போனை மாட்டிவிட்டேன். அண்ணன் ஏதோ பேசினான். அப்பாவின் உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. ஹெட்போனைக் கழற்றப் போனார்.

அவர் இப்போது மூச்சு விடுவது மூக்கு வழியாக அல்ல, கழுத்தில் போட்டிருந்த துளை வழியாக. எனக்கு அது சட்டென்று உறைத்தது. ஹெட்போனின் மைக் தண்டை வாயருகிலிருந்து கீழே வளைத்து, கழுத்தில் கட்டியிருந்த துணிக்கு நேராக நிறுத்தினேன். ஒலி அளவுப் பலகையைத் திறந்து மைக்கின் அளவை உச்சிவரை ஏற்றினேன். பிறகு ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கி, என் காதையும் அப்பாவின் காதோடு சேர்த்து வைத்தேன்.

அப்பாவின் மூச்சு அந்தத் துணியில் உரசி வந்து போனது.

"கேக்குதுப்பா" என்றான் அண்ணன். "மூச்சு விடுதது கேக்குது. வைக்காதீங்க."