தேத்தண்ணி தந்த வீடுகள்

வாக்குக் கேட்டு வாசலில் நின்ற தமிழ்ப் பெண் நீட்டிய துண்டுப்பிரசுரத்தின் மை மணத்தில், தொழிற்சங்கக்காரர் வளர்த்த அவளுடைய கட்சிக்கு முன்பு ஈஸ்ட் ஹாமில் சலவைக் கடைக்கு மேலே அலுவலகமாக இருந்த, இப்போது ஃபிளாட்டாகிவிட்ட அறை நினைவில் எழுந்தது: ஈரக் கோட்டு வாடை, ஹீட்டரின் முனகல், வாக்காளர் பட்டியலில் பெயர் பெயராகச் சரி போடும் அப்பா.

“தேத்தண்ணி தந்தவை எங்களுக்குத்தான் வோட்டுப் போடுவினம், பிள்ளை” என்பார்.

மற்றக் கட்சிக்காரருக்கும் அதே வீடுகளில் தேத்தண்ணி கொடுத்ததை, தோழிகளோடு விளையாடப் போனபோது கண்டிருந்தேன், அப்பாவிடம் சொல்லவில்லை. கவுன்சில் தேர்தலில் தோற்ற அப்பா, பிறகு அந்த அறையின் படி ஏறவேயில்லை.

இம்முறை அவருடைய கட்சிக்கு நான் வாக்களிக்கப் போவதில்லை.

“மழையாக் கிடக்கு, உள்ள வாங்கோ” என்றேன்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்து, “தாங்ஸ், அன்ரி” என்றபடி அந்தப் பெண் தன் பட்டியலில் என் பெயருக்கு நேரே சரி போட்டாள். இப்போதும் நான் சொல்லவில்லை.