வீடு பார்க்க வந்த அதிகாரி

என் பெரியப்பாவின் கெட்டிக்காரத்தனத்தால் என் அத்தைக்கு டாக்டர் படிப்பு கிடைக்காமல் போக இருந்தது. இதை இன்றைக்கும் யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அவரும் தன்னால்தான் அத்தைக்கு இடம் கிடைத்தது என்று நம்பிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

அப்போது எனக்கு எட்டு வயது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே போகவேண்டிய ஓர் ஊரில் இருந்தோம். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது படித்தவள், டாக்டருக்குப் போகும் அளவுக்கு மார்க் எடுத்துவிட்டாள். எங்களுக்குத் தெரிந்த டாக்டர் எப்போதாவது ஜீப்பில் வருவார், மழை பிடித்தால் அதுவும் கிடையாது. நம் வீட்டுக்குள்ளேயே ஒரு டாக்டரா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அத்தை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அவளுக்கும் எங்களைப் போலவே கொசு கடித்தது. இதை என்னால் நம்பவே முடியவில்லை.

இவ்வளவு பெரிய ஆளுக்கு, தான் யார் என்று காட்ட ஒரு தாள் இல்லை. வீட்டில் பிறந்தவள், பிறப்பை யாரும் பதியவில்லை. பழங்குடிப் பிள்ளைகளுக்கான இடத்தில் சேர, நாங்கள் பழங்குடி என்று அரசாங்கம் சான்றிதழ் தரவேண்டும். அப்பாவும் பெரியப்பாவும் பள்ளிக்கூடம் போனதில்லை, அதனால் அவர்களிடமும் அது கிடையாது. இருந்தது ரேஷன் கார்டு மட்டும். அதில் எங்கள் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தைக் கீழ்நாட்டு விவசாயிகளும் போட்டுக்கொள்வார்கள். கீழ்நாடு என்று நாங்கள் சொல்வது மலைக்குக் கீழே இருக்கும் ஊர்களை. நீங்கள் கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்தவர்களாக இருந்தால் என்ன செய்வது என்று அலுவலகத்தில் சந்தேகப்பட்டார்கள்.

அத்தை எத்தனையோ முறை மலை இறங்கி ஏறினாள். விடுதி வார்டன் அம்மா தானே அவளோடு அலுவலகத்துக்குப் போய், பதில் தெரியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அதிகாரியே நேரில் வந்து எங்கள் வீட்டையும் வாழ்க்கையையும் பார்ப்பார் என்று முடிவானது. புதன்கிழமை அவர் வருகிறார். திங்கட்கிழமை அத்தை சென்னையில் கலந்தாய்வுக்குப் போய் நிற்கவேண்டும். கையில் சான்றிதழ் இல்லாவிட்டால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

இந்த இடத்தில்தான் பெரியப்பா உள்ளே வந்தார். அவர் உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓட்டலில் ஆறு மாதம் வேலை பார்த்தவர். ஆகவே உலகம் தெரிந்தவர்.

"அவ்ளோ பெரிய ஆபீசரு வராரு. வந்து பாத்துட்டு, இன்னாடா இது, காட்டுல கெடக்கற சனமான்னு நெனைக்கக்கூடாது" என்றார்.

அத்தை செவ்வாய்க்கிழமை முழுக்கக் கள்ளக்குறிச்சியில் அலைந்துகொண்டிருந்தாள். அவள் இல்லாத அந்த ஒரே நாளில் பெரியப்பா எங்கள் வீட்டைக் காலி செய்தார். மூங்கிலில் முடைந்து சாணி மெழுகிய, சாமை கொட்டி வைக்கும் தொம்பை ஒரு வீட்டுக்குப் போனது. மர உரலை உருட்டிக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் விட்டார்கள். விதைத் தினை போட்டுக் கூரையில் தொங்கவிட்டிருந்த சுரைக்குடுக்கை, மூலையில் குவித்திருந்த கடுக்காய், அப்பாவின் கொடுவாள் எல்லாம் ஆளுக்கு ஒரு வீடாகக் குடியேறின. பதிலுக்குப் பள்ளிக்கூடத்து பிளாஸ்டிக் நாற்காலிகள், எவர்சில்வர் டம்ளர்கள், சாமி படம் போட்ட காலண்டர் ஆகியவை வந்தன. நான் வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தேன். அவ்வளவு அழகான வீட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்று அதிகாரி கேட்டால் இட்லி என்று சொல்லவேண்டும்.

இருட்டிய பிறகு வந்த அத்தை நேராகப் போய்ப் படுத்துவிட்டாள். காலையில் கண் விழித்து வீட்டைப் பார்த்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். அம்மா கிண்ணத்தில் வேகவைத்த இட்லியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதை விரலால் அழுத்தினார். விரல்தான் மடங்கியது.

"பாப்பா, தினமும் என்ன சாப்பிடுவே?"

"இட்லி."

"அம்மா மாவு எதுல ஆட்டுவாங்க?"

இதற்குப் பெரியப்பா பதில் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். "கச்சிராயபாளையத்துல."

மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. பெரியப்பா மாவு அரைத்து வந்த இடம். அதிகாரி சிரிக்கவில்லை. தாளை எடுத்தார். கூட வந்தவரிடம், "மலையில வாழறவங்கன்னு சொல்ல இங்க ஒரு அடையாளமும் இல்லையே" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு பேனாவைத் திறந்தார். பெரியப்பா பூரிப்போடு அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"எழுதாதீங்க சார்" என்றாள் அத்தை.

அத்தை அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அப்போதும் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் எல்லோரும் அசையாமல் நின்றோம்.

"சுவரும் கூரையும்தான் எங்களுது. உள்ள கீறது எதுவும் எங்களுது இல்லீங்க. நீங்க தப்பா நெனைச்சிக்கக்கூடாதுன்னு எங்க அண்ணன் பயந்துட்டாருங்க."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்று ஊரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எங்க வூட்டுப் பொருளெல்லாம் எடுத்துக்கினு வாங்க."

அதற்குப் பிறகு நடந்ததை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். எங்கள் வீடு எல்லாப் பக்கமிருந்தும் நடந்து வந்தது. தொம்பையை நான்கு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். உரலை இருவர் உருட்டி வந்தார்கள். சுரைக்குடுக்கை ஒரு தலையிலும் கடுக்காய் மூட்டை ஒரு தோளிலும் வந்தன. கொண்டுவந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. ஊரே எங்கள் வாசலில் கூடி நின்றது. அதிகாரி எழுந்து வெளியே வந்து, தொம்பைக்குள் கையை விட்டுச் சாமையை அள்ளிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு இங்கதான் பொறந்துச்சுன்னு உங்கள்ல யாருக்குத் தெரியும்?"

எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அந்த வீட்டுக்கு ஒரு படி சாமை கொடுக்கவேண்டும். பிறப்பைப் பதிய எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான். எனக்குத் தெரியும், நான் குடுத்தேன் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். உரல் இருந்த வீட்டுக்காரப் பெண் மட்டும் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள்.

"இவ பொறந்தப்ப எங்க வூட்டுல சாமை இல்லீங்க. தெனைதான் குடுத்தேன். அத வச்சிக்கினு இவளுக்கு இல்லைன்னு சொல்லிடாதீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "தினையும் செல்லும்மா" என்றார்.

பிறகு மைப்பெட்டி வந்தது. சொன்னவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று கைநாட்டு வைத்தார்கள். ஒரு தாள் நிரம்பி அடுத்த தாளுக்கும் போனது. எல்லோர் பெருவிரலிலும் நீலம். நானும் இடையில் புகுந்து விரலைத் தோய்த்து ஓர் ஓரத்தில் வைத்தேன். அதிகாரி பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். போகும் முன் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இட்லியைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தை சான்றிதழோடு வந்தாள். பெரியப்பா அதை இரண்டு கையிலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல இன்னா எழுதிக்கீது?"

"நாம மலை சனம்னு எழுதிக்கீதுண்ணா."

"இத சொல்றதுக்கா இத்தினி நாளு?"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அலைந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கிடைத்த அந்த இடத்தில் படித்து முடித்து, அத்தை இப்போது எங்கள் மலையிலேயே மருந்தெழுதுகிறாள். மழை நாளிலும் வருகிறாள். அவளைப் பார்த்து எனக்கும் அந்த ஆசை வந்து, சான்றிதழ் கேட்டு அதே அலுவலகத்தில் நான் போய் நின்றபோது, அப்பாவின் உடன்பிறந்தவளுடைய தாள் இருந்தால் அதுவே பெரிய ஆதாரம் என்றார்கள். என் பையிலேயே இருந்தது. எங்கள் வீட்டைப் பார்க்க யாரும் மலையேறி வரவில்லை.

அத்தை கலந்தாய்வுக்காகச் சென்னைக்குக் கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அதை எனக்குத் தந்தாள். சான்றிதழை நகலெடுத்து, கண்ணாடித்தாள் ஒட்டி அட்டை மாதிரி ஆக்கியிருந்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து எனக்கு ஏதோ வாங்கி வந்திருக்கிறாள் என்று இரண்டு நாளாகக் காத்திருந்த எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"பத்தரமா வச்சிக்கடி. இது உனுக்குத்தான்" என்றாள்.

அதில் இருந்தது அவள் பெயர். எனக்கு எதற்கு இது என்று எவ்வளவு யோசித்தும் புரியவில்லை. ஆனால் கெட்டியாக, நன்றாகத்தான் இருந்தது. அவள் ஒற்றையடிப் பாதையில் இறங்கி மறைந்ததும் உள்ளே போய், அதை வைத்து அம்மாவுக்கு அடுப்பு விசிறிக்கொண்டிருந்தேன்.