ஒரு வீட்டுக்கு ஒரே பக்கம்

அன்று புதுச்சத்திரத்தில் அந்தக் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது மூன்று பேர். சென்னைக் கம்பெனியிலிருந்து எங்களை மேற்பார்வை பார்க்க வந்த தம்பி, என்னைப் போலவே கணக்கெடுக்கப் போன, மகளிர் குழு நடத்தும் அக்கா, நான். பின்னால் யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று அப்போதே எண்ணி வைத்துக்கொண்டேன். எதற்கும் பயப்படுகிற ஆள் நான்.

தேர்தலுக்கு முன்னால் எந்த வீடு எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதும் வேலை. வீட்டுக்கு இருபது ரூபாய். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவனுக்குக் கௌரவமான வேலைதான். பாலிடெக்னிக் போகும் மகளுக்குப் பஸ் பீஸ் ஆறாயிரம் கட்ட வேண்டும். முந்நூற்றுப் பத்து வீடு முடித்தால் அதற்குக் கொஞ்சம் மேலேயே வரும் என்று ஒப்புக்கொண்டேன்.

எனக்கு விழுந்தது நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிதாக பிளாட் போட்ட பகுதி. கடலை விளைந்த காட்டில் இப்போது மாடி வீடுகள். போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள், வாத்தியார்கள், கோழிப்பண்ணைச் சம்பளக்காரர்கள், தறியை விற்றுவிட்டு எடப்பாடியிலிருந்து வந்தவர்கள். "நாங்க இங்கதான் இருக்கறமுங்க, ஓட்டு மட்டும் இன்னும் எடப்பாடிலயேதான் இருக்குது" என்று சொன்னவர்களை எதில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை. சாதி என்ன என்றும் கேட்கச் சொல்லியிருந்தார்கள்; அதை எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். நாய்கள் வேறு.

ரிக் வண்டிக்காரர் ஒருவர் கேட்டைத் திறக்காமலே சொன்னார். "எங்கூட்ல அஞ்சு ஓட்டுங்க. அஞ்சும் ஒரே பக்கந்தான் உழுவும். எங்கப்பன் காலத்துல இருந்தே அப்படித்தான்."

அவருக்குப் போன் வந்து, பேசிக்கொண்டே தெருமுனைக்குப் போய்விட்டார். தண்ணீர்ச் சொம்போடு வந்த அவர் மனைவி குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்ண்ணா, அஞ்சுல ரெண்டு இல்லைன்னு எழுதிக்கங்க. நானும் மருமவளும் அந்தப் பக்கமுங்க."

"அவருக்குத் தெரியுங்களா?"

"தெரிஞ்சா பொறவு நீங்களா வந்து எனக்குச் சோறு போடுவீங்க?" என்று சிரித்தவர், உடனே முகம் மாறினார். "அவுரு காதுக்குப் போயிராதுங்களே?"

இது ஒரு வீடு. தெருவுக்குத் தெரு இப்படி. வாத்தியார் வீட்டில் மகன் அப்பாவுக்கு முன்னாலேயே மறுத்துப் பேசினான். மற்ற வீடுகளில் கதவு மறைவில் சொன்னார்கள். கம்பெனி கொடுத்த போனில் இருந்த படிவத்திலோ ஒரு வீட்டுக்கு ஒரே பக்கம்தான் அழுத்த முடியும். படிவத்தின் தலையில் வீட்டுக்காரரின் நம்பர் வேறு. பிரிந்து நின்ற வீடுகளுக்கும், ஓட்டு சொந்த ஊரில் இருந்தவர்களுக்கும் 'தெரியவில்லை' என்று அழுத்திவிட்டேன்.

மண்டபத்தில் அந்தத் தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "அண்ணா, நூத்தி நாப்பத்திரெண்டு வீட்ல தெரியலையா? அங்க போய் என்னதான் பண்ணீங்க?"

"ஊட்டுக்குள்ளயே ரெண்டு பக்கமா இருக்கறாங்க தம்பி."

"குடும்பத் தலைவர் சொன்னதைப் போடுங்க. ஊர்ல ஓட்டு இருக்கறவங்களுக்கும் எதையாவது போடுங்க. தெரியலைன்னு வந்தா மேல காசு தர மாட்டாங்கண்ணா."

அக்கா டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "நானெல்லாம் அப்படித்தான் போட்டேன் சாமி. ஏன், உங்கூட்ல மட்டும் ஒரே பக்கமாக்கும்?"

என் மனைவி யாருக்குப் போடுகிறாள் என்று நான் கேட்டதே இல்லை.

"இப்பவே உக்காந்து மாத்திருங்கண்ணா, அரை மணி நேர வேலை" என்றார் தம்பி. போனில் அந்த ரிக் வண்டிக்காரர் வீட்டுப் படிவத்தைத் திறந்தேன். அவர் பக்கம் அழுத்தினால் பொய். நாளைக்கு முடிவு வேறாக வந்தால் எழுதியவன் எவன் என்று என்னைத் தேடுவார்கள். அந்த அம்மா பக்கம் அழுத்தினால், கட்சிக்காரன் எவனாவது அவர் நம்பருக்குப் போன் போட்டு நன்றி சொல்லிவிட்டால்? விரல் அங்கேயே நின்றது. அசதியாகவும் இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி நூற்றறுபத்தெட்டு வீட்டுக்கு மட்டும் பணம் எண்ணிக் கொடுத்தார். மீதியை ஆபீசில் பேசி வாங்கித் தருவதாகச் சொன்னார். தேர்தல் முடிந்து, பஸ் பீசின் இரண்டாம் பாதியை மனைவி மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டினாள். ரிக் வண்டிக்காரர் டீக்கடையில் என்னைக் கண்டு, "சொன்னனில்லீங்க, எங்கூடு அஞ்சும் ஒண்ணாத்தான் உழுந்துச்சு" என்றார். "ஆமாங்க" என்றேன்.

தம்பிக்கு மாதம் ஒரு தரம் போன் போடுகிறேன். "பாக்கறேண்ணா" என்கிறார். வர வேண்டியது இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.