பெரியவர் பக்கம் சின்னவர் பக்கம்

போன வாரம் கரியாலூரில் ஒரு விடுதிக்குப் போயிருந்தேன். அறை எடுப்பவர்களின் பேரைப் பதிவு செய்கிற கம்ப்யூட்டர் திணறுகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். மலையில் மழை. கொண்டை ஊசி வளைவில் வண்டி வழுக்குமோ, இறங்கும்போது இருட்டிவிடுமோ என்று பயந்துகொண்டே ஏறினேன். வழுக்கவும் இல்லை, இருட்டவும் இல்லை. நான் பயப்படுகிற காரியம் பெரும்பாலும் நடப்பதில்லை, நடப்பதெல்லாம் வேறு. பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரை வந்தது. வெள்ளை எழுத்தில் மேலும் கீழுமாக இரண்டு பேர், அடியில் குறைந்துகொண்டே போகிற விநாடி. யாரோ ஒரே பெட்டியில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு சிஸ்டம் போட்டு வைத்திருந்தார்கள். என் விரல் தானாக அம்புக்குறிக்குப் போனது. கூடவே, எங்கிருந்தோ தெரியவில்லை, பிரிண்டர் மையும் இஞ்சி டீயும் கலந்த ஒரு வாசனை.

அந்த வாசனை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடையுடையது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுப்போம். அண்ணன் தம்பி இரண்டு பேருடைய கடை. ஊரே அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றுதான் சொல்லும். ஒன்பதாவதில் படிப்பை விட்டுவிட்டு நான் அங்கே வேலைக்குப் போய் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதற்குள் மணலூர்பேட்டைப் பக்கம் இருந்த அவர்கள் நிலம் பிரிந்துவிட்டது; வீட்டுக்கு நடுவிலும் சுவர் வந்துவிட்டது. கடை ஒன்றுதான் பிரியாமல் நின்றது. அதுவும் போனால் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள இடமில்லை. எனக்கோ போக்கிடமே இல்லை. தினமும் காலையில் இரண்டு செருப்பும் வாசலில் கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

கம்ப்யூட்டரும் ஒன்றுதான். பெரியவர் பத்திரிகை வடிவமைப்பார். அந்தப் பழைய தமிழ் எழுத்துகள் விண்டோஸில்தான் ஒழுங்காக உட்காரும். ஆனால் போட்டோ கொண்டுவருகிறவர்களின் பென் டிரைவில் எல்லாம் வைரஸ். வாரம் ஒரு முறை பெட்டி படுத்துவிடும். அதனால்தான் சின்னவர் லினக்ஸ் போடச் சொன்னார். அங்கே செருகினால் வைரஸ் பல் பிடுங்கின பாம்பு மாதிரி சும்மா கிடக்கும். டிஸ்கைப் பாதியாகப் பிரித்து இரண்டையும் போட்டேன். பெட்டியைத் திறந்ததும் வருகிற அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் வராது. இங்கிலீஷ் எழுத்தில் மேல் வரியில் பெரியவர், கீழ் வரியில் சின்னவர் என்று நானே எழுதி வைத்தேன். அது ஒரு விளையாட்டு. வாடிக்கைக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டுமென்றால் பெட்டியை நிறுத்தி மறுபடி திறக்க வேண்டும். பழைய பெட்டி, மெதுவாகத்தான் வரும். அந்த நேரத்தில் வேறு வேலை இல்லாததால் டீ சொல்வார்கள். டீ வந்தால் பேச்சு வரும்.

"இன்னாடா, கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்துச்சா?"

"எங்கண்ணே. ஆலைக்கும் வூட்டுக்கும் அலைஞ்சிக்கினு கீறேன்."

அவ்வளவுதான் பேச்சு. நடுச்சுவர் வைத்த வீட்டில் அதுகூடக் கிடையாது. பெட்டி சீக்கிரம் திறந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டதுண்டு. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஆள் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா அது.

எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பத்திரிகையில் எழுத்துப்பிழை இருந்தால் ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். பேர் வரிசை மாறினால் மாட்டார்கள். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே தன் பேர் ஒரு வரி இறங்கிவிட்டதென்று, ஒரு தாய்மாமன் மண்டப வாசலிலேயே நின்று மொய்யை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். அதற்குப் பிறகு பெரியவர் அச்சுக்குப் போகுமுன் விரலை வைத்துச் சத்தமாக வாசிப்பார். "மேல இருக்க வேண்டியவன் மேல இருக்கணும். மீதியெல்லாம் அப்புறம்தான்."

சில வருஷத்தில் சின்னவர் பக்கம் இருந்த லினக்ஸுக்கு வயதாகிவிட்டது. அதைச் செய்தவர்கள் இனிமேல் புதுப்பித்துத் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். பாதி இணையதளம் திறக்கவில்லை. லினக்ஸ் என்பது ஒரே மாவு. ஒருத்தர் தோசை சுடுகிறார், ஒருத்தர் பணியாரம் ஊற்றுகிறார், அவ்வளவுதான். சின்னவர் வேறொரு லினக்ஸைப் பென் டிரைவில் வாங்கிவந்தார்.

"ஓடறத ஏன்டா கலைக்கிற?" என்றார் பெரியவர்.

"ஓடலண்ணே, நொண்டுது."

"இன்னாத்தயாவது பண்ணு. எம் பக்கம் ஒரு எழுத்து போவக் கூடாது."

இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பாதியில் கரண்ட் போனால்? பழைய லினக்ஸ் என்று நினைத்துப் பெரியவர் பக்கத்தை அழித்துவிட்டால்? அவருடைய பத்திரிகைகளை எல்லாம் டிஸ்க் டிஸ்காக எடுத்து வைத்தேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். 'இதை அழிக்கவா' என்று அது கேட்டபோது சின்னவரையும் ஒரு முறை வாசிக்கச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் முடிந்தது. ஒரு எழுத்து போகவில்லை. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் காலையில் பெரியவரின் மச்சான், நைனார்பாளையத்துக்காரர், திருவிழா நோட்டீஸ் சரிபார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்தேன். புது லினக்ஸ் நான் எழுதி வைத்ததையெல்லாம் துடைத்துவிட்டுத் தன் பேரை மேல் வரியில் போட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பெட்டியின் நினைவகத்தைச் சோதிக்கிற வரி ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் விண்டோஸ். விண்டோஸ் என்றால் பெரியவர் என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

"இன்னா மாமா, சின்னவரு மேல ஏறி குந்திக்கினாரு" என்றார் மச்சான். "உங்கள அடியிலதான் தேடணும் போல."

அதற்குள் விநாடி தீர்ந்துவிட்டது. யாரும் எதையும் தொடவில்லை. பெட்டி தானாகவே சின்னவர் பக்கம் போனது.

"சும்மா வுட்டா அவரு வூட்டுக்குத்தான் போவுது பாருங்க."

சின்னவர் சிரித்துவிட்டார். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

"ஒரு வரிதாங்கண்ணே, இப்பவே மாத்திடறேன்" என்றேன்.

"நீ மாத்துனா மாறும். தானா வந்தா இன்னா வரும்னு பாத்துட்டன்ல" என்றார் பெரியவர்.

"அது பொட்டிண்ணே," என்றார் சின்னவர். "அதுக்கு அண்ணன் தம்பி தெரியுமா?"

"பொட்டிக்குத் தெரியாது. சிரிச்சவனுக்குத் தெரியும்."

அப்போதே மாற்றினேன். மேலே பெரியவர், கீழே சின்னவர், யாரும் தொடாவிட்டால் பெரியவர் பக்கம். ஆனால் அதைப் பார்க்க ஆளில்லை. பெரியவர் அதற்குப் பிறகு திரை வெளிச்சமாகும் வரை தெருவைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். பிறகு பெட்டியை நிறுத்துவதையே விட்டார். நாள் முழுக்கத் தன் பக்கத்திலேயே ஓடவிட்டார். நிறுத்தாததால் டீ இல்லை. டீ இல்லாததால் பேச்சும் இல்லை.

பொங்கலுக்கு முன்னால் கடையைப் பிரித்தார்கள். பங்கு பிரிக்க வந்த உறவுக்காரர்கள், பெட்டி பெரியவருக்கு, திரையும் பிரிண்டரும் சின்னவருக்கு என்று தீர்த்தார்கள். தனித்தனியாகப் போனால் எதுவும் வேலைக்காகாதுங்க என்று சொல்லிப் பார்த்தேன். "ஆளுக்கு ஒண்ணு வாங்கிப்பாங்க, நீ எங்க செருப்ப எடுத்து வை" என்றார்கள். ஒருவரும் வாங்கவில்லை. என்னை யாரும் தன் பங்காகக் கேட்கவும் இல்லை.

இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். சின்னவர் திருப்பூர் போய்விட்டார். பெட்டி பெரியவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது; அதற்குள் மேல் வரியில் அவர் பேர்தான் இருக்கிறது, இன்றைக்கும். மூன்று மாதத்துக்கு முன்னால் பெரியவர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க என் வீட்டுக்கு வந்தார். வேறெங்கோ அடித்தது, பளபளவென்று இருந்தது. பழைய பழக்கத்தில் விரலை வைத்து வாசித்துக்கொண்டே இறங்கினேன். சித்தப்பா என்று தம்பி பேர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"வரிசையெல்லாம் சரியா இருக்குதா?" என்று கேட்டார்.

சரியாக இருக்குதுங்கண்ணே என்றேன்.