தளேகாவைத் தேடிய மெயில் சர்வர்

மகர்பட்டா ஆபீசில் இன்று காலையிலிருந்து யாருக்கும் மெயில் வரவில்லை.

ஊழியர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும் சர்வரை மெயில் சர்வரால் எட்ட முடியவில்லை. திரையில் வரிக்கு வரி, 'தளேகாவ் கிடைக்கவில்லை.'

"தளேகாவ் ரயில்வே ஸ்டேஷன்தானுங்களே?" என்றார் புதிதாகச் சேர்ந்த கோயம்புத்தூர் கவிதா.

ஸ்டேஷன்தான். கோர்படியில் இரண்டே அறையில் ஆபீஸ் நடந்தபோது, லோனாவாலா லோக்கலில் ஒன்றாகத் தொங்கி வந்த நானும் ஜோஷியும் சர்வர்களுக்கு வழியிலுள்ள ஸ்டேஷன் பெயர்களை வைத்தோம்.

நேற்று பட்டியலைப் புதிய சர்வருக்கு மாற்றிவிட்டு, பழைய தளேகாவை அணைத்துக் கழற்றியவன் நானே. மெயில் சர்வரில் அந்தப் பெயர் இருப்பதை மறந்துபோனேன்.

புதிய சர்வருக்குப் பெயரில்லை, வெறும் எண்தான். பெயரை அழிக்க மனம் வரவில்லை. அழித்து அந்த எண்ணைப் போட்டேன், மெயில் ஓடியது.

முதலில் வந்தது மேனேஜருடையது: "யார் பார்த்த வேலை இது?"

ஜோஷி இப்போது அமெரிக்காவில். இதைப் படிக்க அவனுக்குத் தமிழ் தெரியாது. பழியை அவன்மேல் போட்டுவிடலாமா?